எனக்கும் சிகாமணிக்கும் ஆகாது

சித்தெ அந்தப் பக்கம் நகந்து உக்காருங்ணா. பை மடியிலயே இருக்கட்டும், உள்ள லட்டு இருக்குது. மேல போட்டா நசுங்கிப் போயிரும்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? ஓ, அதுங்களா. இப்ப ஜன்னல்ல தலைய உட்டு ஒருத்தனத் திட்டுனனே, அதக் கேக்கறீங்க.

நியாயந்தானுங்க. ஒரு மனுசன் வண்டில கொண்டாந்து அவிநாசி பஸ் ஸ்டாண்டுல எறக்கி உடறான், பைய எடுத்துக் குடுக்கறான், சீட்டுக் கெடைச்சுதான்னு கீழயே நின்னு பாக்கறான். அவனப் பாத்து, 'போடா, இனி ஆயுசுக்கும் உன்ற மூஞ்சில முழிக்க மாட்டேன்'னு கத்துனா யாருக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கும். அவன் பாட்டுக்குக் கையக் கட்டிட்டு பஸ் திரும்பற வரைக்கும் நின்னான்.

அவன் என்ற உசுருச் சிநேகிதனுங்க. பேரு தேவசிகாமணி. நாங்க சிகாமணிம்போம். மெதுவாப் பேசறேன், கொஞ்சம் காதக் குடுங்க. பின்னால கடைசிக்கு முந்தின சீட்டுல நீலச் சட்டை போட்டுட்டு ஒருத்தர் இருக்காரில்ல, எங்க கம்பெனி ஆளு மாதிரித் தெரியுது. இல்லாமயும் இருக்கலாம். ஆனா ஜாக்கிரதையா இருக்கோணுமில்லீங்க. அவரு காதுல உழுகட்டும்னுதான் அப்படிக் கத்துனேன்.

நீங்களும் வேலைக்குப் போறவருதானுங்களே? போற எடத்துல சிநேகிதம் உண்டுங்களா? இருந்தா நல்லது. இருந்தா கஷ்டமும்தான். ரெண்டையும் நான் ஒட்டுக்கா அனுபவிச்சவன், சொல்றேன் கேளுங்க. சேலம் போற வரைக்கும் பொழுது போகோணுமில்ல.

எங்களுது மோட்டார் பம்பு செய்யற கம்பெனிங்க. கோயமுத்தூருக்கு இந்தப் பக்கம். பேரு வேண்டாம். நானும் சிகாமணியும் வைண்டிங் செக்சன். மோட்டாருக்குள்ள செப்புக் கம்பி சுத்தி எறக்கற வேலை. கை பாட்டுக்குச் சுத்தும், வாய் பாட்டுக்குப் பேசும். அந்த வேலைக்குப் பேச்சுத் தொணை இல்லாட்டிப் பைத்தியம் புடிச்சுரும். நாங்க ரெண்டு பேரும் ஒரே வாரத்துல சேந்தவங்க. பக்கத்துப் பக்கத்து மேசை. அவன் டிபன் டப்பாவ நான் தொறப்பேன், என்றத அவன் தொறப்பான். எங்கூட்டுல கோகிலாமணி, என்ற சம்சாரம், சிகாமணிக்குப் புடிக்கும்னே கொள்ளுப் பருப்பு செய்யும். எனக்குக் கொள்ளு ஆகாது. ஆகாட்டி என்ன, அந்தப் பருப்பு அவன் கைக்குப் போயிரும், அவனூட்டு எலுமிச்சஞ்சோறு எனக்கு வந்துரும். எனக்கு லேட்டானா அவன் சமாளிப்பான். அவனுக்குத் தலைவலின்னா அவன் கம்பியும் சேத்து நானே சுத்தீருவேன்.

அதெல்லாம் லாபமுங்க. நட்டம் என்னன்னா, ஒரு எடத்துல ரெண்டு பேரு சிரிச்சா மூணாவது ஆளுக்கு அது தன்னப் பத்தித்தான்னு தோணும். நாங்க ஏகமாச் சிரிப்போம். அதனால செக்சன்ல பாதிப் பேருக்கு எங்களக் கண்டா ஆகாது. அவங்களப் பத்திச் சிரிக்கலயான்னு கேட்டா, சிரிச்சோம்தான். ஆனா அது அவங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாம எப்படிக் கோவிச்சுக்கலாம்? அதுதான் எனக்கு இன்னிக்கும் புரியல.

செரி, விசயத்துக்கு வர்றேன். எங்க சூப்பர்வைசர் ரிட்டையர் ஆனாருங்க. அந்த எடத்துக்கு சிகாமணியப் போட்டாங்க. தகுதியான ஆளுதான், குத்தஞ் சொல்ல முடியாது. ஆனா அன்னிக்கு மத்தியானமே கேண்டீன்ல பேச்சு வந்துருச்சு. 'இனி நாச்சிமுத்துவுக்கு என்னப்பா, கால் மேல கால் போட்டு உக்காந்துக்கலாம்.' நாச்சிமுத்து நாந்தானுங்க. மேனேஜர் அனந்தராமன் சிகாமணியக் கூப்பிட்டு, 'அந்தாளோட சேர்ந்து சுத்தறத கொஞ்சம் குறைச்சுக்கோப்பா, நாலு பேரு பேசறாங்க'ன்னு சொல்லிட்டாரு.

சாயங்காலம் டீக்கடைல சிகாமணி எங்கிட்ட வந்து சொன்னான். 'கொஞ்ச நாளைக்கு உள்ள பேச வேண்டாம்டா. வெளிய எப்பவும் போல இருந்துக்கலாம்.'

அவன் சொன்னது அவ்வளவுதானுங்க. மிச்சம் பூரா என்ற யோசனை. அத நான் பெருமையாத்தான் சொல்லிக்குவேன்.

'சும்மா பேசாம இருந்தா ஒருத்தனும் நம்ப மாட்டான்டா'ன்னேன். 'உள்ளுக்குள்ள ஏதோ வெச்சிருக்காங்கம்பாங்க. சண்டை போட்டுக்குவோம். எனக்கும் சிகாமணிக்கும் ஆகாதுன்னு கம்பெனி பூரா தெரியோணும். அதுக்கப்பறம் நீ எனக்கு என்ன நல்லது பண்ணுனாலும் எவனும் வாயத் தொறக்க மாட்டான்.'

'வேண்டாம்டா. எனக்கு நடிக்கெல்லாம் வராது'ன்னான்.

'உனக்கு வர வேண்டாம். நான் பாத்துக்கறேன்'ன்னேன்.

எங்கூருக் கோயில் நோம்பிக்கு நாடகம் போடுவாங்க. நான் வருசா வருசம் காவக்காரன் வேசங் கட்டுனவன். ராசா வர்றாருன்னு சொல்லோணும், அவ்வளவுதான் வசனம். ஆனா நான் சொன்னா நெசமாவே வர்றாப்பல சனம் திரும்பிப் பாக்கும். அது சிகாமணிக்கும் தெரியும். அதனாலதான் அவனும் செரின்னான். செரின்னு வாய் தொறந்து சொல்லல, டீயக் குடிச்சுட்டு ரோட்டையே பாத்துட்டு நின்னான். சம்மதம்னுதானுங்க அர்த்தம்.

மொதச் சண்டை ஒரு ஈரத் துண்டுனால. காலைல மூஞ்சி கழுவிட்டு வந்து துண்ட மேசை மேல போட்டிருந்தேன். சிகாமணி வந்து, 'நாச்சிமுத்து, துண்ட மேசை மேல போட வேண்டாம்ங்க'ன்னான். மெதுவாத்தான் சொன்னான். நிசமாச் சொல்றானா, நடிப்புக்கு எடுத்துக் குடுக்கறானான்னு எனக்குத் தெரியல. 'ங்க' போட்டான் பாருங்க, அதுல புடிச்சுக்கிட்டேன். எங்களுக்குள்ள எப்பவும் வாடா போடாதான். மரியாதை குடுத்தான்னா ஆரம்பிச்சுட்டான்னுதான அர்த்தம். எந்திரிச்சு நின்னேன்.

பொய்ச் சண்டைல ஒரு நுணுக்கம் இருக்குதுங்ணா. திட்டறது பொய்யா இருந்தா மூஞ்சி காட்டிக் குடுத்துரும். திட்டறது நெசமா இருக்கோணும். சிகாமணியப் பத்தி எனக்குத் தெரியாத நெசமா? அத்தனை வருசம் பக்கத்துல உக்காந்து பழமை பேசுனவன். லைசென்சுக்கு எட்டுப் போடப் போயி ஒவ்வொருக்காவும் கீழ உழுந்து எந்திரிச்சது, கல்யாணத்துக்கு முந்தி ஒரு டீச்சரம்மாவப் பாக்கறதுக்குன்னு தெனமும் அந்தத் தெருக் கொழாய்க்குக் கொடந் தூக்கிட்டுப் போனது, பல்லியக் கண்டா கட்டில் மேல ஏறி நின்னுட்டுப் பொண்டாட்டியக் கூப்பிடறது, எல்லாத்தையும் அவுத்து உட்டேன். செக்சனே வேலைய நிறுத்திட்டு நின்னுருச்சு. கடைசியா, 'ரசங் குடிச்சு வளந்த மொகரை, நீயெல்லாம் என்னைய வேலை வாங்கறயா'ன்னு முடிச்சேன். அவனுக்கு வயித்துப்புண்ணுங்க, கேண்டீன்ல சாம்பார் தொட மாட்டான், ரசம் மட்டுந்தான்.

சிகாமணி மூஞ்சியப் பாத்திருக்கோணும் நீங்க. ஒதடு துடிக்குது, காது செவந்துருச்சு, கண்ணுல தண்ணி கட்டி நிக்குது. எனக்கே ஆச்சரியம். நடிக்க வராதுன்னு சொன்னவன்.

அன்னிக்குச் சாயங்காலம் சூலூர் கொளத்து மேட்டுல சந்திச்சோம். அங்க நம்மாளுக யாரும் வர மாட்டாங்க.

'டீச்சரம்மா பேச்ச எதுக்குடா எடுத்தே? பானுவுக்கு அது தெரியாது'ன்னான். பானுமதி அவன் சம்சாரம்.

'அதனாலதான்டா எல்லாரும் நம்பிட்டாங்க'ன்னேன்.

அவன் கல்லப் பொறுக்கித் தண்ணில எறிஞ்சுட்டு இருந்தான். நான் போண்டா வாங்கிக் குடுத்தேன். தின்னான்.

அடுத்த நாள்லருந்து கம்பெனி ரெண்டாப் போச்சுங்க. ஏத்திச் சொல்றேன்னு நெனைக்காதீங்க. ஒவ்வொருத்தனுக்கும் ஏதோ ஒரு ஆத்தரம் உள்ள கெடந்துச்சு, கொட்டறதுக்கு ஒரு எடம் வேணும். போனசு பத்தாதவன், லீவு கெடைக்காதவன், ஃபேனுக்குக் கீழ எடங் கெடைக்காதவன் எல்லாம் என்ற பக்கம். ஃபேனுக்குக் கீழ உக்காந்தவங்க எல்லாம் சிகாமணி பக்கம். கேண்டீன்ல ரசம் வாங்குனா சிகாமணி ஆளு, சாம்பார் வாங்குனா நாச்சிமுத்து ஆளு. யாரும் உக்காந்து முடிவு பண்ணல, அதுவா அப்படி ஆயிருச்சு. பெயிண்டிங் செக்சன்ல பழனியப்பன்னு ஒருத்தர், எங்காளு. சளி புடிச்சு மூக்கு ஒழுகுது, மனுசனுக்கு ரசம் வேணும். தூக்குப்போசில வாங்கிட்டு ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால போயி ஒளிஞ்சு குடிச்சாரு. பாத்துட்டாங்க. அப்பறம் அவருகூட ரெண்டு பக்கமும் பேசல. ஆயுத பூசைக்கு ரெண்டு கட்சியும் தனித்தனியாப் பூசணிக்கா ஒடைச்சு, ஒரே கேட்டுல, மேனேஜரு ஸ்கூட்டரோட வழுக்கி உழுந்தாரு. கேண்டீன் ராசாத்தியக்கா பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு ஒரு நாள் சாம்பாரையும் ரசத்தையும் ஒரே குண்டாவுல ஊத்திக் கலக்கி வெச்சிருச்சு. அன்னிக்குக் கம்பெனியே பட்டினி.

இதுல எனக்கு ஒரு தொந்தரவு. எங்கட்சில காளியப்பன்னு ஒருத்தன். என்னையச் சந்தோசப்படுத்தறதா நெனைச்சுக்கிட்டு, 'அந்த சிகாமணி ஒரு கஞ்சப் பயண்ணா, ஒரு டீ வாங்கித் தந்திருப்பானா'ன்னான். எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ, பளார்னு ஒண்ணு உட்டுட்டேன். அவனப் பத்திப் பேச இவன் யாருங்க? கேண்டீனே திரும்பிப் பாக்குது. காளியப்பன் கன்னத்தப் புடிச்சுட்டு, 'எதுக்குண்ணா அடிச்சீங்க'ன்னான். நானு அப்படி இப்படி யோசிச்சு, 'கஞ்சன்னு சொன்னாப் போதுமாடா, அந்தாளுக்கு அவ்வளவுதான் மதிப்பா, இன்னும் பெருசா ஏதாச்சும் சொல்லு'ன்னேன். அவனும் செரின்னு நல்லா யோசிச்சுப் பெருசாச் சொன்னான். அதையும் கேட்டுட்டு உக்காந்திருந்தேன். சிநேகிதத்துக்காக என்னென்ன பொறுத்துக்க வேண்டியிருக்குது பாருங்க.

யூனியன் செயலாளர் மருதாசலம் வேற வந்து சேந்தாரு. 'தோழர், இது உங்க தனிப்பட்ட பிரச்சினை இல்ல. தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் உள்ள பிரச்சினை'ன்னாரு.

'துண்டுங்க'ன்னேன்.

'இன்னைக்குத் துண்டு. நாளைக்கு?'ன்னு கேட்டாரு.

கம்பெனி கேட்டுல கூட்டம் போட்டு வார்னிஷ் ட்ரம் மேல ஏத்தி என்னையப் பேசச் சொன்னாங்க. என்ன பேசறதுன்னு தெரியாம மறுபடியும் பல்லிக் கதையவே சொன்னேன். 'பல்லிக்குப் பயந்தவன் பாட்டாளிய மெரட்டறதா'ன்னு ஒரு கோசமே கெளம்பிருச்சு. எதுகை மோனையெல்லாம் நல்லா வந்து உழுந்துச்சுங்க. சிகாமணி மாடி ஜன்னல்ல நின்னு பாத்துட்டு இருந்தான். ஜன்னல மூடுனான்.

அப்பத்தான் எங்க பக்கத்துப் பசங்க அவன் மேசை டிராயர்ல பல்லி புடிச்சுப் போடறதுன்னு பேசிக்கிட்டாங்க. உசுருப் பல்லி. எனக்கு மனசு கேக்கல. என்ன இருந்தாலும் சிநேகிதன். 'நீங்க சும்மா இருங்கப்பா, அத நான் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டு டவுன்ஹால் போயி, கடை கடையா ஏறி எறங்கி, ரப்பர் பல்லியா நல்லதாப் பாத்து வாங்கிட்டு வந்து என்ற கையாலயே வெச்சேன். கொஞ்சம் பெருசாத்தான் கெடைச்சுது. பச்சைக் கலரு, தொட்டா வாலு ஆடும். சிகாமணி டிராயரத் தொறந்தான். ஒரு சத்தம். பின்னாலயே போயி இரும்பு ரேக்குல மோதி, தோள்பட்டை எலும்பு விட்டுப் போச்சு.

நெசப் பல்லியா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. நான் இருக்கப் போயித் தோளோட போச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போயிப் பாக்கோணும்னு அப்படித் துடிச்சுது எனக்கு. போனா எல்லாம் வெளிய வந்துரும். மனசக் கல்லாக்கிட்டு ஊட்டுலயே உக்காந்திருந்தேன். கோகிலாமணிதான் ஹார்லிக்ஸ் வாங்கிட்டுப் போச்சு. திரும்பி வந்து பையக் கூடக் கீழ வெக்கல.

'அவரு நெசமாவே வெசனப்படறாருங்க. போயி ஒரு வார்த்தை, தப்பா எடுத்துக்காதேன்னு சொல்லிட்டு வாங்க'ன்னுச்சு.

'உனக்கு நடிப்பப் பத்தி என்ன தெரியும்'னேன்.

'எனக்குத் தெரியாதுங்க. அவருக்கும் தெரியாதுன்னுதான் சொல்றேன்'னுச்சு.

பொம்பளைங்க கிட்ட இதாங்க. எதையும் முழுசாச் செஞ்சு முடிக்க உட மாட்டாங்க, நடுவுலயே உட்டுரோணும்பாங்க.

தோளுக்குக் கட்டோட வேலைக்கு வந்தப்பறம் சிகாமணி கொளத்து மேட்டுக்கு வர்றத நிறுத்திட்டான். நான் போயி உக்காந்திருந்துட்டு ரெண்டு போண்டாவையும் நானே தின்னுட்டு வருவேன். போன் போட்டா எடுக்க மாட்டான். உண்மையச் சொல்றனுங்க, எனக்கு அவன் மேல மதிப்புக் கூடிப் போச்சு. என்ன ஒரு கவனம் பாருங்க. நான் கூட அந்த அளவுக்குப் போயிருக்க மாட்டேன்.

இருங்க, பெருந்துறை வந்துருச்சு. நீலச் சட்டை எறங்கறாரு. மூஞ்சி இந்தப் பக்கம் திரும்பட்டும். அட, இது யாரோ. நம்ம கம்பெனியே இல்ல. பரவால்ல உடுங்க, கத்துனது கத்துனதுதான். ஒரு பழக்கத்துக்கு ஆச்சு.

எங்க உட்டேன்? ஆங், கம்பெனில வேலை பாதியாக் கொறைஞ்சு போச்சு. மேனேஜர் பெங்களூர்லருந்து ஒரு பயிற்சி மேடத்தக் கூட்டிட்டு வந்தாரு. 'வேலையிடத்தில் நல்லுறவு'ன்னு பேனர் கட்டி, சேரெல்லாம் வட்டமாப் போட்டு, அத்தனை பேரையும் உக்கார வெச்சாங்க. நடுவுல நாங்க ரெண்டு பேரு. ஒருத்தர் கைய ஒருத்தர் புடிச்சுக்கிட்டு, அவரப் பத்தி இவரும் இவரப் பத்தி அவரும் மூணு நல்ல விசயம் சொல்லோணுமாம். சிகாமணிக்கு ஒரு கை கட்டுல தொங்குது. இருக்கற கையப் புடிச்சேன். ரொம்ப நாளைக்கு அப்பறம் அவனத் தொடறேன். கை ஜில்லுன்னு இருந்துச்சு.

மொதல்ல அவன்தான் பேசுனான்.

'நான் சேந்த புதுசுல ஒரு மோட்டார எரிச்சுட்டனுங்க. வேலையே போயிருக்கும். நாந்தான் எரிச்சேன்னு இவன் போயி நின்னான். இவன்னு சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க, இவரு. இல்ல, இவன்தான். எங்கம்மா பெரியாஸ்பத்திரில கெடந்தப்ப எனக்கு உள்ள போகப் பயம். இவன்தான் போயி எங்கம்மாவுக்குத் தலை சீவி உட்டான்.'

மூணாவதுக்கு என்ற கையப் பாத்தான், பேனரப் பாத்தான். மேடம், 'டேக் யுவர் டைம்'னாங்க.

'இவன் பக்கத்துல உக்காந்திருந்த வரைக்கும் வேலைக்குப் போறோம்னு நான் நெனைச்சதே இல்லீங்க. அவ்வளவுதான்'ன்னான்.

சாம்பார்க்காரங்க ரெண்டு பேரு கண்ணத் தொடைக்கறாங்க. ராசாத்தியக்கா முந்தானைய மூக்குல வெச்சுக்கிச்சு. மருதாசலமே தொண்டையச் செருமறாரு. காளியப்பன் கன்னத்தத் தடவறான்.

சிகாமணி ஒளறிட்டானுங்ணா. இத்தனை நாள் கட்டிக் காப்பாத்துனத ஒரே நிமிசத்துல கவுத்துட்டானே. நாங்க சிநேகிதம்னு இப்பத் தெரிஞ்சா என்ன ஆகும்? இத்தனையும் நாடகம்னு ஆயிருமே, அவன் சூப்பர்வைசர் வேலைக்கே ஆபத்தாச்சே. அவன் நழுவ உட்டத நாந்தான் புடிக்கோணும். வேற யாரு இருக்காங்க அவனுக்கு?

மேடம் எம்பக்கம் திரும்பி, 'நீங்க சொல்லுங்க சார்'ன்னாங்க.

எனக்கு மூணு இல்லீங்க, முப்பது தெரியும். தொண்டைல வந்து நிக்குது. ஒவ்வொண்ணா முழுங்குனேன். அவன் கைய உதறி உட்டேன். 'இந்தாளப் பத்திச் சொல்றதுக்கு எங்கிட்ட நல்லது எதுவும் இல்லீங்க'ன்னேன். கொரல் ஒரு பிசிறு தட்டல.

அவன் என்னையவே பாத்தான். நான் யாருக்கும் தெரியாம ஒரு கண்ண அடிச்சேன். அவன் கவனிச்சானோ என்னமோ, தலையக் குனிஞ்சுட்டான். ராசாத்தியக்கா கவனிச்சிருச்சு போல. அதுலருந்து எனக்குச் சாம்பார் ஊத்தறப்பக் கரண்டி ஆழமாப் போகல.

அடுத்த வாரமே என்னையச் சேலந் தாண்டிப் பாலக்கோட்டுக்குத் தாட்டி உட்டுட்டாங்க. அங்க எங்களுக்கு ஒரு குடோன் இருக்குது. ரிப்பேராகித் திரும்பி வந்த மோட்டாருகளப் போட்டு வெக்கற எடம். 'ஒண்ணு அவரு இங்க இருக்கட்டும், இல்லாட்டி நான் இருக்கறேன்'னு சிகாமணிதான் மேனேஜர்கிட்டப் போயி நின்னானாம். கேட்டதும் எனக்கு ஒரு நிமிசம் திக்குன்னுச்சு. பொறகு நெதானமா யோசிச்சுப் பாத்தேன். அவன் எடத்துல நான் இருந்தாலும் அதத்தான செஞ்சிருப்பேன்? எங்களுக்கு ஆகாதுங்கறதுக்கு இதுக்கு மேல ஒரு அத்தாட்சி வேணுங்களா?

பாலக்கோட்டுல நானும் ஒரு வாட்ச்மேனும்தான். அவருக்குக் காது கேக்காது. தங்கமான மனுசன், என்ன சொன்னாலும் தலைய ஆட்டுவாரு. நான் ஏதாச்சும் சிரிக்கறாப்பல சொன்னா, என்ற மூஞ்சியப் பாத்துட்டு கொஞ்சம் தாமசமாச் சிரிப்பாரு. திங்கக்கெழம ஊட்டுலருந்து கொண்டு போற டப்பாவத் தொறந்தா கொள்ளுப் பருப்பு இருக்கும். கோகிலாமணிக்குக் கை பழகிப் போச்சு, என்ன பண்றது. வாட்ச்மேனுக்குப் பல்லு இல்ல, அவரும் தொட மாட்டாரு. சாயங்காலமா நாயிக்கு வெப்பேன்.

அங்க யாருகூடச் சண்டை போடறது, யாருகூடச் சிநேகிதம் வெக்கறது? எனக்கு அந்தக் கவலையே இல்ல. நிம்மதி. நிம்மதின்னுதான் சொல்லோணும்.

சிகாமணி அவிநாசில ஊடு கட்டிட்டானுங்க. இன்னிக்குக் காலைல புதுமனை புகுவிழா. பானுமதி எங்கூட்டுக்குப் போன் பண்ணி கோகிலாமணியக் கூப்பிட்டுச்சாம். என்ற பேரு எடுக்கலயாம். எடுக்க மாட்டாங்க, கம்பெனி ஆளுகெல்லாம் வருவாங்கல்ல. எனக்கு அது புரியாதுங்களா? கோகிலாமணி வெடியால போயிட்டு வந்துருச்சு. நான் மத்தியானமா வந்து எதுத்த பேக்கரில உக்காந்துட்டேன். ஒரு டீ, ஒரு பன்னு, இன்னொரு டீ. கடைசி வண்டி போற வரைக்கும் பாத்துட்டிருந்துட்டு உள்ள போனேன்.

பானுமதி, 'வாங்க'ன்னுச்சு. எலையப் போட்டுப் பரிமாறிட்டு உள்ள போயிருச்சு. சிகாமணி பந்தலுக்குக் கீழ சேரெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டு இருந்தான். அந்தத் தோள முழுசாத் தூக்க முடியல அவனால. என்னையப் பாத்தான். வந்து எலைக்கு எதுத்தாப்பல தரைல உக்காந்தான்.

'யாரும் இல்லடா. இப்பவாச்சும் பேசு'ன்னேன்.

'நாச்சிமுத்து, நான் நடிக்கலடா'ன்னான்.

நான் சிரிச்சேன்.

'மொத நாள்லருந்தே நடிக்கல. துண்டு மேசை மேல கெடந்தா கம்பில ஈரம் படும். அதுக்குத்தான் சொன்னேன். நீ என்னென்னமோ பேசுனே. ஒவ்வொண்ணும் வலிச்சுதுடா. பானு எத்தனையோ நாள் எங்கூடச் சரியாவே பேசல. அந்த மேடம் கேட்டப்ப, ஒண்ணே ஒண்ணு சொல்லியிருக்கலாமில்ல நீ. மூணு கூட வேண்டாம். நீ நடிச்சியோ என்னமோ எனக்குத் தெரியாது. நான் நடிக்கல.'

சத்தம் போடலீங்க. கணக்கு வாத்தியாரு கணக்குச் சொல்லிக் குடுக்கறாப்பல சொன்னான். டா போட்டுத்தான் சொன்னான், அதையும் கவனிச்சுக்கோங்க.

நான் சுத்தி முத்தியும் பாத்தேன். யாருக்கு முன்னால இவன் இப்படிப் பேசறான்? பானுமதி உள்ள பாத்திரம் வெளக்கற சத்தம் கேக்குது. பந்தக்காரங்க இன்னும் வரல. எச்சக் கையோடயே எந்திரிச்சுப் போயி ஜன்னல்ல எட்டிப் பாத்தேன். வெளிய சோளக்காடு, ஒரு ஆடு மேயுது. கதவுக்குப் பின்னால பாத்தேன். மாடிப் படிக்குக் கீழ குனிஞ்சு பாத்தேன், சிமெண்ட்டு சாக்கு ரெண்டு கெடந்துச்சு. சிகாமணி நான் பண்றதையே பாத்துட்டு உக்காந்திருந்தான்.

'தேடாத. வந்து சாப்பிடு'ன்னான். பாயசத்த அவனே எடுத்து ஊத்துனான். கை கழுவிட்டு வந்தா லட்ட ஒரு பையில கட்டி வெச்சிருக்கான்.

யாரோ இருந்திருக்கோணுமுங்ணா. எனக்குத் தெரியல, அவன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கோணும். இல்லாட்டி என்ற சிநேகிதன், எங்கிட்டப் போயி, எதுக்குங்க அப்படிச் சொல்லப் போறான்?